சுண்டுவிரல் மீட்டர்

சுண்டுவிரலைத் தொட்டித் தண்ணீரில் விட்டு, எடுத்து, நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடுகிறார் உப்பக்கா. மூன்று எண்ணுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"ஒரு கை உப்பு கம்மி."

அடுத்த தொட்டி. "இது சரி."

அதற்கடுத்தது. "இதுல எவனோ கை கழுவியிருக்கான். சோப்பு அடிக்குது."

பதினாறு தொட்டி, பதினாறு தடவை சுண்டுவிரல். முகம் சுளிப்பது கிடையாது. முடிந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு ஜன்னலோரம் இருக்கும் தன் நாற்காலியில் போய் உட்காருகிறார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பழைய துண்டறிக்கை ஒன்றை எட்டாக மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறார். எழுதியவன் நான். என் எழுத்து எதையாவது நிமிர்த்தி வைத்தது என்றால் அது அந்த நாற்காலியைத்தான்.

ஆராய்ச்சிக் கூடத்தில் உப்பக்கா என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும், இயக்குநருக்கும் தெரியும். நான் அதே கூடத்தின் பொருள் கிடங்கில் இருந்தபடி இருபத்தாறு வருஷம் சங்கம் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகும் தேநீர் வேளைக்கு ஆஜராகிவிடுவேன். சங்கத்தில் சேரச் சொல்லிப் படிவத்தை நீட்டிய அன்று உப்பக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சேர்ந்தா நாற்காலிக்குக் கால் வருமா, தலைவரே?" வரும் என்றேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது, கால் வரவில்லை. அதற்குத்தான் துண்டறிக்கை.

அவர் வேலை, மீனுக்குத் தோல் உரிப்பது.

ஆறு கடலில் விழும் இடத்தில் வாழ்கிற, விரல் நீளத்து மீன். உப்பிலும் பிழைக்கும், நன்னீரிலும் பிழைக்கும். அதன் செவுள் மூடிக்கு உள்பக்கம் ஒரு சவ்வு உண்டு. வெங்காயத்தின் இரண்டு இதழுக்கு நடுவே கண்ணாடிபோல ஒன்று வருமே, அதைவிட மெல்லிசு. உப்பக்கா அதை இடுக்கியால் கிழியாமல் உரித்து, மிளகு அளவு துளை உள்ள ஒரு வளையத்தின் மேல் மேளத்துக்குத் தோல் கட்டுவதுபோல் கட்டுவார். வளையத்தை இரண்டு சின்னக் கண்ணாடி அறைகளுக்கு நடுவில் சொருகி இறுக்குவார். இடது அறை கடல் பக்கம், வலது அறை ரத்தப் பக்கம். உரித்த கையை அவர் மாற்றுவதே இல்லை, மணிக்கட்டைத் திருப்புவதே இல்லை. மாற்றினால் எது உள், எது வெளி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. "அதுக்கு ரெண்டு பக்கமும் முகம் ஒண்ணுதான். அரசியல்வாதி மாதிரி" என்பார்.

இரண்டு அறைகளிலும் ஒரே உப்புத் தண்ணீர், ஒரே அளவு. பிறகு கம்பிகளை மாட்டினால் மின்சாரம் அளக்கும் பெட்டியில் ஊசி நகரும். இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர் இருக்கும்போது ஊசி ஏன் நகரவேண்டும்? தோல் வேலை செய்கிறது. மீன் செத்துப் போய்விட்டது. அதன் மிளகளவு தோல் மட்டும் இன்னும் ஷிப்டில் நிற்கிறது. உப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு ஊசி சாயும். சங்க வேலையாக ஆலை ஆலையாகச் சுற்றியவன் நான். இப்படி ஒரு தொழிலாளியை எங்கும் பார்த்ததில்லை.

ஊசி நகர்ந்ததும் உப்பக்கா சிரித்துவிடுவார். விலாவில் யாரோ விரல் விட்டதுபோல ஒரு சிரிப்பு. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு தோலுக்கும் இதே சிரிப்பு. பக்கத்து அறையில் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே எத்தனை தோல் ஆயிற்று என்று எண்ணிக்கொள்வார்கள்.

"உப்பு தானா ஓடிப் போகாதா, எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். தேநீர் ஆறிப்போனது.

"பஸ்ஸுன்னு வச்சுக்கங்க, தலைவரே. தோல்ல இருக்கிற ஒவ்வொரு செல்லும் ஒரு பஸ்ஸு. பின்வாசல் ரத்தத்தைப் பாத்த மாதிரி. முன்வாசல் கடலைப் பாத்த மாதிரி. உப்புங்கறது ஒரே ஆளு கிடையாது. தண்ணியில விழுந்ததும் சோடியம் தனி, குளோரைடு தனி. ஆளுக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் தலையில வச்சுக்கிட்டு அலையும். அயனின்னு பேரு."

"சரி."

"குளோரைடுக்குக் கடலுக்குப் போகணும். தனியா ஏற விடமாட்டாங்க. ரெண்டு குளோரைடு, ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம். நாலு பேரும் கைகோத்துக்கிட்டுத்தான் பின்வாசல்ல ஏறணும்."

"கூட்டணி."

"என்ன எழவோ. ஏறினதும் கண்டக்டர் இருக்கான் பாருங்க, அவன் சோடியத்தைப் பிடிச்சு அதே பின்வாசல் வழியா வெளிய தள்ளிடுவான். மூணு சோடியத்தைத் தள்ளினா ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுத்துப் போட்டுக்குவான். ஓயவே மாட்டான். மீன் திங்கறதுல ஒரு பங்கு இவனுக்கே போகுது. உள்ள நசுங்கின குளோரைடு முன்வாசலைத் திறந்து கடல்ல குதிச்சிடும்."

"தள்ளிவிட்ட சோடியம் என்ன ஆகும்?"

"அது ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல சந்து இருக்கும்ல, அதுல புகுந்து நடந்தே போயி குளோரைடைப் பிடிச்சிடும். கட்டிக்கிட்டது விட்டுட்டா போகும்?"

இந்தப் பேருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அவர் கணவர் நகரப் பேருந்தில் நடத்துநர். மெலிந்த, மரியாதையான மனிதர். மாலையில் மனைவியைக் கூட்டிப்போக வரும்போது இந்தக் கதையைக் கேட்டு நொந்துகொண்டார். "நான் யாரையும் தள்ளினதே இல்லீங்க."

"அதான் உங்க பஸ்ஸு எப்பவும் லேட்டு" என்றார் உப்பக்கா.

இன்னொன்றையும் அந்த மனிதர் என் காதருகே வந்து சொன்னார். வீட்டில் சமைப்பது அவர்தான். உப்பக்கா சமைத்தால் வாயில் வைக்க முடியாது. "கடல் அளவுக்குப் போட்டாத்தான் அவளுக்கு உப்புன்னே தெரியுது. கல்யாணமான முதல் வாரமே கரண்டியைப் பிடுங்கிட்டேன்."

"காதுல விழுது" என்றார் உப்பக்கா, பைக்குள் எதையோ தேடிக்கொண்டே.

போன வருஷம் ஒரு புது டாக்டர் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மீனைப் படித்த டாக்டர். முப்பது வயது, சுத்தம், வேகம். வந்த ஒரு மாதத்தில் சுவரில் ஓர் அறிவிப்பு ஏறியது. "ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கையுறை கட்டாயம்." நியாயமான விதி. பாதுகாப்புக் கோரிப் பதினொரு தீர்மானம் போட்டவன் நான், இதை எதிர்த்து எப்படிக் கொடி பிடிப்பது?

உப்பக்கா அறிவிப்பை இரண்டு தரம் படித்தார். "அப்ப உப்பு?"

"அதுக்கு மீட்டர் சொல்லியிருக்கேன் அக்கா. வந்துட்டே இருக்கு."

மீட்டர் வந்துகொண்டே இருந்தது. ஆண்டு விடுமுறை பத்து நாளும் வந்தது. கூடம் பூட்டிக் கிடந்தது. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றி மீனுக்குத் தீனி போட குழாய்க்காரர் ஒருவர் மட்டும் வந்துபோனார். டாக்டர் அவருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. உப்பக்கா கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிகளைச் சுற்றிவந்தார். விரல் தானாக இறங்கியது. அறிவிப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதல் மீன், முதல் தோல், கம்பி மாட்டினார்.

அன்று சிரிப்பு வரவில்லை. பக்கத்து அறையில் தலைகள் நிமிர்ந்தன.

வழக்கமாக வலப்பக்கம் சாயும் ஊசி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதாவது தோல் உப்பை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கிறது. இரண்டாவது தோல், இடப்பக்கம். மூன்றாவது, இடப்பக்கம்.

டாக்டர் வந்து பார்த்தார். "தோலைத் திருப்பி மாட்டியிருக்கீங்க."

"இல்ல சார்."

"மூணையுமே திருப்பி மாட்டியிருக்கீங்க."

"ஒண்ணை மாட்டியிருந்தா அசதின்னு சொல்லலாம். மூணையும் திருப்பி மாட்ட நான் என்ன வேண்டுதலா வச்சிருக்கேன்?"

டாக்டர் கத்தவில்லை, திட்டவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தார், தட்டச்சு செய்தார். கண் பார்வை மங்கியிருக்கலாம், இந்த வேலைக்கு இனி வேறு ஆள் வேண்டும், இவரைக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் பிரிவுக்கு மாற்றலாம் என்று ஒரு கடிதம். புதன்கிழமை பதினொரு மணிக்கு இயக்குநர் அறையில் விசாரணை.

கழுவும் பிரிவு அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, ஊசி கிடையாது. செவ்வாய்க்கிழமை தேநீருக்குப் போனபோது உப்பக்கா தன் இடுக்கிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "பாத்திரம் கழுவுறது கேவலம் இல்ல, தலைவரே. ஆனா பாத்திரத்தைப் பாத்து எனக்குச் சிரிப்பு வராது" என்றார்.  வீட்டுக்குப் போய் நாலு பக்கம் எழுதினேன்.

விசாரணையில் இயக்குநர் அம்மா நடுவில். கடிதத்தோடு டாக்டர் ஒரு பக்கம். உப்பக்காவுக்குத் துணையாக நான் ஒரு பக்கம். உழைக்கும் மக்களின் கண்கள் என்று தொடங்கும் என் நாலு பக்கத்தை விரித்தேன். உப்பக்கா என் கையை அமுக்கினார்.

"மடிச்சு வைங்க, தலைவரே. நாற்காலிக்கு ஆகும்."

பிறகு டாக்டரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "சார், உங்க சட்டை என்ன அளவு?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க."

"முப்பத்தெட்டு."

"திருப்பிப் போட்டா?"

"திருப்பிப் போட்டாலும் முப்பத்தெட்டுதான். தையல் வெளிய தெரியும்."

"நம்ம மீன் தோல் வலப்பக்கம் எத்தனை காட்டும்?"

"நாப்பது. நாப்பத்தஞ்சு."

"அதைத் திருப்பி மாட்டினா?"

"இடப்பக்கம் நாப்ப…" டாக்டர் நிறுத்தினார்.

"திங்கக்கிழமை இடப்பக்கம் எத்தனை காட்டுச்சு சார்? எழுதி வச்சிருப்பீங்க, பாருங்க."

அவர் நோட்டைப் புரட்டினார். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை, எல்லோருக்கும் தெரியும். "நாலு" என்றார்.

"பெரிய ஆள் சட்டையைத் திருப்பிப் போட்டா குழந்தைச் சட்டை ஆயிடுமா?"

இயக்குநர் அம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். டாக்டர் ஓய்ந்துவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "கம்பி மாறியிருந்தா?" என்றார்.

"அப்பவும் நாப்பதுதானே சார். டிரைவர் பின்னாடி ஓட்டினா ஆள் குறைஞ்சிடுவாங்களா?"

"அப்ப தோலும் சரி, கம்பியும் சரின்னா…" டாக்டரின் குரல் மாறியது. கோபம் போய்விட்டது, மூக்கு விடைத்தது. எலியைக் கண்ட பூனைக்கு அப்படி விடைக்கும். "மீன்."

"மீன் பொய் சொல்லாது சார். கடல்ல இருந்தா உப்பு மேல மேல உள்ள வரும். வெளிய தள்ளலைன்னா உயிரோட கருவாடு. நல்ல தண்ணியில இருந்தா உள்ள இருக்கிற உப்பு கரைஞ்சு போயிடும். அப்ப வெளிய போற வாசலை மூடிட்டு, கிடைக்கிற கொஞ்சநஞ்சத்தை உள்ள இழுக்கும். ரூட்டையே மாத்திடும். அதுங்க ரூட்டை மாத்தியிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்க ஒரு வழிதான் இருந்துச்சு." சுவரைப் பார்த்தார். அந்த அறைச் சுவரிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

நாலு பேரும் தொட்டி அறைக்குப் போனோம். போனோம் என்ன, டாக்டர் ஓடினார், நாங்கள் பின்னால் விரைந்தோம். நடையில் வந்தவர்கள் எல்லாம் ஏதோ தீ விபத்து என்று எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். நான் கூட்டிய ஊர்வலங்களில் பாதிக்கு இவ்வளவு கூட்டம் இல்லை.

முதல் தொட்டி. மீன்கள் குஷியாகத் திரிந்தன.

"பாருங்க அக்கா" என்றார் இயக்குநர் அம்மா, சுண்டுவிரலைக் காட்டி.

உப்பக்கா கையுறைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "விதி இருக்கே மேடம். எழுத்துல குடுத்தா பாக்கறேன்."

சங்க வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான். இயக்குநர் அம்மா பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானே விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"சப்புன்னு இருக்கு."

டாக்டர் அடுத்த தொட்டியில் விட்டார். மூன்றாவதில் விட்டார். அறிவிப்பை எழுதிய கை. "இதுவும். இதுவும். ஐயோ, இதுவும்." பதினாறும் நன்னீர்.

குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். நிதானமானவர். யார் அவசரப்பட்டாலும் அவர் மெதுவாகத்தான் வருவார். "ஆமா, நான்தான் மாத்தினேன். ஒரே நாள்ல மாத்தல, நாள் ஒண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமா. அதுங்களுக்குக் கஷ்டமாயிடக் கூடாதுல்ல."

"யார் மாத்தச் சொன்னது?" என்றார் டாக்டர்.

குழாய்க்காரர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். நாலாக மடித்து, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். முன்யோசனை உள்ள மனிதர். சங்கத்தில் பொருளாளராக இருந்தவர். இயக்குநர் அம்மா வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"எல்லாத் தொட்டிகளிலும் நல்ல தண்ணீர் மாற்றவும்."

டாக்டர் நெற்றியில் கை வைத்தார். "நல்ல தண்ணின்னா… சுத்தமான தண்ணி. அழுக்கில்லாத உப்புத் தண்ணி."

"உப்புத் தண்ணி எப்படி சார் நல்ல தண்ணி ஆகும்?" என்றார் குழாய்க்காரர். "உப்புத் தண்ணின்னா உப்புத் தண்ணி. நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணி. எங்க வீட்டுல ரெண்டு குழாய். என் பேத்தியைக் கேட்டாக்கூடச் சொல்லும்."

 துண்டறிக்கை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு சொல் இப்படி முழு வேகத்தில் சுவரில் மோதி நான் பார்த்ததில்லை. முதலில் சிரித்தவர் உப்பக்கா. திங்கட்கிழமையிலிருந்து தேக்கி வைத்த சிரிப்பு. ஊசிக்கு வரும் அதே சிரிப்பு, இம்முறை பதினாறு தொட்டிக்கும் சேர்த்து. பிறகு இயக்குநர் அம்மா, பிறகு தீயை அணைக்க வந்தவர்கள். கடைசியாக டாக்டர். அவருக்குச் சிரிக்க வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

சிரித்து முடித்ததும் டாக்டர் தொட்டியில் கண்ணை ஒட்டிக்கொண்டார். "அக்கா, பத்து நாள்ல முழுசா ரூட்டை மாத்தியிருக்கு. பதினாறு தொட்டியும் ஒண்ணாப்ல. இதை நான் அடுத்த வருஷம்தான் பண்ணலாம்னு இருந்தேன்."

"மீன் அவசரப்பட்டுடுச்சு சார்."

"இப்ப மறுபடி கடல் தண்ணி விட்டா எத்தனை நாள்ல திரும்பும்? தினமும் ஒரு தோல் பாக்கணும். கிழியாம. நீங்கதான் பாக்கணும்."

"பாத்திரம் கழுவுறது யாரு?"

டாக்டர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனார். "கிழிக்காதீங்க" என்று உப்பக்கா வாங்கிக்கொண்டார். விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல கெட்டித் தாளு." ஜன்னலோரம் போய் எட்டாக மடித்து நாற்காலிக் காலுக்கு அடியில் கொடுத்தார். உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. பத்தொன்பது வருஷம் பாரம் சுமந்த என் துண்டறிக்கையை ஊதித் தூசு தட்டி என்னிடம் நீட்டினார். "ரிட்டயர் ஆயிடுச்சு, தலைவரே. வீட்டுக்குக் கூட்டிப் போங்க."

மறுநாள் காலையும் போனேன். தேநீர் வேளைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மீட்டர் வரவில்லை. அறிவிப்பில் முதல் வரி மீது பட்டையாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "கையுறை கட்டாயம்" மட்டும் அப்படியே இருந்தது.

உப்பக்கா புதுக் கையுறை மாட்டிக்கொண்டு முதல் தொட்டி முன் நின்றார். கழுத்துக் கயிற்றில் தொங்கும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, வலது கையுறையின் சுண்டுவிரல் நுனியை மட்டும் நறுக்கென்று வெட்டினார். வெளியே எட்டிப் பார்த்த விரலை ஒருமுறை மடக்கி நீட்டினார். பக்கத்தில் நோட்டும் கையுமாக டாக்டர். உப்பக்கா அவர் கையின் அளவை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியைத் திறந்து, பெரிய அளவுக் கையுறை ஒன்றைத் தேடி எடுத்து, அதன் சுண்டுவிரலையும் வெட்டி அவரிடம் நீட்டினார்.